கடற்கன்னிக்கு ஆன்மா உண்டா?

இந்த இதழின் கேள்விகள் எல்லாம் டென்மார்க்கின் ஒடென்சே நகரத் தமிழ் வாசகர்களுடையவை.

கேள்வி: ரயில் நிலையத்தில் மகனின் சைக்கிளைக் களவெடுத்தவன், அதிலேயே போய் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டான். மகனின் டேனிஷ் நண்பர்கள் “கர்மா!” என்று கைதட்டுகிறார்கள். கர்மா இவ்வளவு வேகமாகவா வேலை செய்யும்?

பதில்: பாட்டில் செய்யும். ஜான் லெனனின் ‘இன்ஸ்டன்ட் கர்மா’ 1970-இல் எழுதி, பதிவாகி, பத்தே நாளில் கடைக்கு வந்துவிட்டது. சாத்திரங்களில் அந்த அவசரம் இல்லை.

சைவ சித்தாந்தத்தில் வினை மூன்று வகை. சேர்ந்து கிடப்பது சஞ்சிதம், இப்போது அனுபவிப்பது பிராரத்தம், இனி ஏறப்போவது ஆகாமியம். வினை அறிவில்லாத சடப்பொருள் என்பதால், செய்தவனை அதுவாகவே தேடிப் போய்ப் பிடிக்காது. எந்த வினையை, எப்போது, யாருக்கு ஊட்டுவது என்பது இறைவன் செயல். அதுவும் தண்டிப்பதற்காக அல்ல, உயிர் பக்குவப்படுவதற்காக. பௌத்தத்தில் அப்படி ஊட்டுவிப்பவர் யாருமில்லை. அங்கே வினை என்றாலே மனத்தின் எண்ணம்தான். எண்ணமில்லாமல் காலில் மிதிபட்ட எறும்பு கணக்கில் வராது.

எல்லாத் துன்பமும் பழைய வினையால் வருவதுதானா என்று சீவகன் என்ற துறவி புத்தரிடமே கேட்டிருக்கிறார். சம்யுத்த நிகாயத்தில் அந்த உரையாடல் இருக்கிறது. புத்தர் எட்டுக் காரணங்களை அடுக்குகிறார்: பித்தம், கபம், வாதம், மூன்றும் கலந்த கோளாறு, பருவ மாற்றம், கவனக்குறைவு, பிறர் தாக்குதல், எட்டாவதாக வினைப்பயன். ஒடென்சேயின் நவம்பர் மாத ஈரச் சருகில் வழுக்கியவனுக்கு, எட்டாவதைத் தொடும் முன்பே இரண்டு மூன்று காரணங்கள் கிடைத்துவிடும்.

வெகுஜனப் பேச்சில் இந்தப் பட்டியல் முழுவதும் உதிர்ந்துவிட்டது. மிஞ்சியிருப்பது, அடுத்தவன் விழும்போது கைதட்ட ஒரு சொல். சைக்கிள் திருடனோடு அது நின்றால் பரவாயில்லை. புற்றுநோய் வந்தவரிடமும், குழந்தையைப் பறிகொடுத்தவரிடமும் “உன் கர்மா” என்று சொல்ல நம்மவர்களே கூசுவதில்லை. இரண்டு மரபுகளிலும் அந்தக் கொடுமைக்கு இடமில்லை என்பதை மகனுக்கு இப்போதே சொல்லிவைப்பது நல்லது.

கேள்வி: பள்ளியில் ‘குட்டிக் கடற்கன்னி’ கதை படித்த மகள், “கடற்கன்னிக்கு ஆன்மா இல்லையாம் அம்மா, உண்மையா?” என்கிறாள். என்ன சொல்வது?

பதில்: அந்தக் கதையை எழுதியவர் பிறந்த ஊரில் பிறந்த அருமையான கேள்வி. ஹான்ஸ் கிறிஸ்டியன் அண்டர்சன் 1805-இல் ஒடென்சேயில் பிறந்தார். கதை வெளியானது 1837-இல். அதில் கடல்வாசிகளுக்கு ஆயுள் முந்நூறு ஆண்டு, பிறகு அலைநுரை. அழியாத ஆன்மா மனிதருக்கு மட்டும். இளவரசன் மனத்தார மணந்தால்தான் கடற்கன்னிக்கும் அதில் பங்கு. டிஸ்னியின் 1989 படம் காதலை வைத்துக்கொண்டு ஆன்மாவை விட்டுவிட்டது. அண்டர்சனின் கடற்கன்னிக்கு இளவரசனும் வேண்டும். அவனைவிட அதிகமாக ஆன்மா வேண்டும்.

தமிழ்ச் சைவ வீட்டுக் குழந்தைக்கு இந்தக் கதையில் இடிப்பது முதல் அடிப்படையே. மீனுக்கும் ஆன்மா உண்டு. உயிர் புல்லிலிருந்து தேவர் வரை எல்லாப் பிறப்பையும் எடுத்து இளைத்தது என்றுதானே சிவபுராணம் சொல்கிறது? திருவிளையாடற் புராணத்தில் நாரைக்கு முத்தி கொடுத்த படலம் என்றே ஒரு படலம் இருக்கிறது. மதுரைக்கு வந்த அந்த நாரை, குளத்து மீனைத் தின்பதில்லை என்று விரதம் காத்து முத்தி பெற்றது. எந்த இளவரசனுடைய தயவும் அதற்குத் தேவைப்படவில்லை.

பௌத்தர் கேள்வியையே திருப்பிப் போடுவார்: இளவரசனுக்கு மட்டும் நிலையான ஆன்மா எங்கே இருக்கிறது? ‘மிலிந்தன் கேள்விகள்’ நூலில் நாகசேனர் கிரேக்க அரசனிடம் அவன் ஏறி வந்த தேரைக் காட்டிக் கேட்கிறார்: அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா? நிலையான ஆன்மா இல்லாமலே பிறவித் தொடர் உண்டு என்பது அவர்கள் கொள்கை. ஜாதகக் கதை ஒன்றில் போதிசத்துவரே மீனாகப் பிறந்து, சத்தியத்தின் வலிமையால் வறட்சியில் மழை பெய்விக்கிறார்.

கதையின் முடிவைத்தான் மகளோடு சேர்ந்து படிக்க வேண்டும். நுரையாகாமல் காற்றின் மகளாகிவிட்ட கடற்கன்னி, முந்நூறு ஆண்டு நற்செயல் செய்து ஆன்மாவை ஈட்டலாம். நல்ல குழந்தையைக் கண்டால் ஓராண்டு குறையும். குறும்புக் குழந்தையால் சிந்தும் ஒவ்வொரு கண்ணீர்த் துளிக்கும் ஒரு நாள் கூடும். தன் செயலால் தானே ஏறிப்போவது வினைக் கொள்கைக்கு வெகு அருகில் வருகிறது. ஊரார் குழந்தையின் குறும்புக்காக அவளுக்குத் தண்டனை கூடுவதுதான் அங்கே ஒட்டாது.

கேள்வி: அண்டர்சன் இந்தியாவுக்குப் போயிருக்கிறாரா?

பதில்: இல்லை. கற்பனையில் போனார். ‘படமில்லாப் படப்புத்தகம்’ நூலில் நிலா சொல்லும் முதல் காட்சியே, காதலனுக்காகக் கங்கையில் விளக்கு மிதக்கவிடும் பெண். ‘பனி அரசி’யில் ஒரு பூ, சிதையேறும் இந்துப் பெண்ணின் கதையைச் சொல்கிறது. அது வெளிவந்தது 1844-இல். வங்காளத்தில் உடன்கட்டையை கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் தடைசெய்ததோ 1829-இல். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு விளக்கும் சிதையும்தான் முதலில் கண்ணில் படுகின்றன.

கேள்வி: அப்படியானால் இந்தப் பக்கத்திலிருந்து நேரில் போய்ப் படித்தவர் எவருமில்லையா?

பதில்: இருக்கிறார். அண்டர்சனுக்குக் கிடைத்த புகழில் நூறில் ஒரு பங்காவது இவருக்கும் கிடைத்திருக்க வேண்டும். ராஸ்முஸ் ராஸ்க், ஒடென்சேக்குப் பக்கத்துப் பிரெண்டெகில்டே கிராமத்தில் 1787-இல் பிறந்து, ஒடென்சே கதீட்ரல் பள்ளியில் படித்தவர். ரஷ்யா, பாரசீகம் வழியாக இந்தியா வந்து, அங்கிருந்து இலங்கைக்குப் போனார். சிங்கள எழுத்துமுறையைப் பற்றி டேனிஷ் மொழியில் அவர் எழுதிய நூல் கொழும்பில் அச்சானது. 1823-இல் அவர் கோபன்ஹேகன் திரும்பியபோது கூடவே பாளி, சிங்கள ஓலைச்சுவடிகளும் வந்தன.

அந்தச் சுவடிகளால் கோபன்ஹேகன் பாளிப் படிப்பின் தலைநகரங்களில் ஒன்றானது. வீகோ ஃபௌஸ்பெல் 1855-இல் தம்மபதத்தை லத்தீன் மொழிபெயர்ப்போடு பதிப்பித்தார். பிறகு 1877 முதல் 1896 வரை உட்கார்ந்து ஜாதகக் கதைகளையும் அச்சேற்றினார். மழை பெய்வித்த அந்த மீனும் அவர் பதிப்பில் இருக்கிறது. மிலிந்தன் நூலை 1880-இல் பதிப்பித்த டிரெங்க்னரும் டேனிஷ்காரர்தான்.

கேள்வி: பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் ஒரு புத்தர் தலை, அருகிலேயே தொப்பை புத்தர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த என் அம்மா பார்த்ததும் முகம் திருப்புகிறார். யார் பக்கம் நியாயம்?

பதில்: முதலில் ஆளை அடையாளம் காண்போம். தொப்பையோடு சிரிப்பவர் கௌதமர் அல்லர். பத்தாம் நூற்றாண்டில் சீனாவில் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் பூதாய் என்ற துறவி. இனி வரப்போகும் மைத்ரேயரின் வடிவம் என்று சீனர் வணங்குகிறார்கள். தலை மட்டும் கொண்ட சிலை வருத்தத்துக்குரியது. பழைய கோயில்களில் வெட்டியெடுத்து விற்கப்பட்ட தலைகளைப் பார்த்துத்தான் இந்த அலங்காரப் பழக்கம் வளர்ந்தது. சாஞ்சியின் ஆதிச் சிற்பங்களிலோ புத்தருக்கு உருவமே கிடையாது. போதிமரம், சக்கரம், பாதச்சுவடு, காலி இருக்கை, அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டுக்காரருக்கு அது அமைதியின் சின்னம். வடகிழக்கிலிருந்து வந்த தாய்க்கு, இராணுவத்தோடும் காணித் தகராறோடும் சேர்ந்து வந்திறங்கிய சிலைகளின் நினைவு. அந்த வலி நியாயமானது; அதை யாரும் சமாதானம் சொல்லி ஆற்ற முடியாது.

ஆனாலும் அம்மாவிடம் பேச இன்னும் விஷயம் இருக்கிறது. தமிழின் பெருங்காப்பியங்களில் ஒன்றான மணிமேகலை பௌத்தக் காப்பியம். நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய அரசன் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு, சிவபக்தனான ராஜராஜ சோழன் ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடுத்தான். 1856 முதல் நாகப்பட்டினத்தில் பூமிக்குள்ளிருந்து கிடைத்த பௌத்த வெண்கலங்கள் சுமார் 350. டேனிஷ்காரர் 1620 முதல் 1845 வரை கோட்டை வைத்திருந்த தரங்கம்பாடி, அதே கடற்கரையில் சற்று வடக்கே இருக்கிறது. நயினாதீவில் நாகபூசணி அம்மன் கோயிலும் நாகதீப விகாரையும் இன்றும் ஒரே தீவில் நிற்கின்றன. புத்தரைத் தமிழருக்கு அந்நியராக்கியது அரசியல், நம் இலக்கியமல்ல.

கேள்வி: இந்து, பௌத்தக் கருத்துகள் இரண்டும் கலந்த ஒரு டேனிஷ் நாவலைச் சொல்லுங்கள்.

பதில்: கார்ல் கெல்லரூப்பின் ‘யாத்ரீகன் காமனிதன்’, 1906. கெல்லரூப் 1917-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். புத்தரைத் தேடிப் போகும் வணிகன் ஒருவன், ஓர் இரவு குயவன் வீட்டில் அவரோடேயே தங்கி, அவர்தான் என்று தெரியாமல் வாதாடுகிறான். இறந்தபின் சுகாவதி சொர்க்கத்தில் கண்விழிக்கிறான். அங்கே தாமரைகள் வாடுகின்றன. அடுத்துப் பிரம்மலோகம், அதுவும் மங்குகிறது. பிரம்மலோகமே நிலையற்றது என்பதை, தத்துவ வகுப்பு நடத்தாமல் கதையாகவே காட்டிவிட்டார். மறதிக்குப் போயிருக்க வேண்டிய புத்தகத்துக்குத் தாய்லாந்து இரண்டாம் வாழ்வு கொடுத்தது: பிரயா அனுமான் ராஜதோன் நண்பரோடு சேர்ந்து செய்த மொழிபெயர்ப்பு அங்கே பள்ளிப் பாடமானது. டேனிஷ் தலைப்பு ‘பில்கிரிமன் காமனிதா’. ஒடென்சே நூலகத்தில் கேட்டுப் பார்க்கலாம்.