192 அடித்தும் அடுத்த டெஸ்ட் இல்லை

தங்கச்சிமடம், பத்தாம் வகுப்பு மாணவி: உலகக் கோப்பையில் இந்தியாவுக்காக முதல் சதம் அடித்த பெண் யார்? மும்பைக்காரர்தானே?

அடித்த இடம்தான் மும்பை; அடித்தவர் சென்னைப் பெண் திருஷ் காமினி. 2013 ஜனவரி 31, பிரபோர்ன் மைதானம், எதிரே மேற்கிந்தியத் தீவுகள். இடதுகை ஆட்டக்காரர், சரியாக 100. பூனம் ராவத்தோடு சேர்ந்து முதல் விக்கெட்டுக்கு 175. இந்தியப் பெண்கள் உலகக் கோப்பையில் இறங்கியது 1978-இல். முதல் சதத்துக்கு 35 வருஷம் காத்திருந்தோம்.

ராமநாதபுரம், ஆசிரியர்: அப்படியானால் அவர் பெயர் எங்கள் காதில் ஏன் விழவே இல்லை?

ஆட விட்டால்தானே விழும்! 2014 நவம்பர், மைசூர், தென்னாப்பிரிக்காவுடன் டெஸ்ட். காமினி 192, பூனம் ராவத் 130, இருவரும் சேர்த்தது 275. இன்னிங்ஸ் வெற்றி. இந்தியப் பெண்களில் அதற்கு முன் அதைவிடப் பெரிய ஸ்கோர் ஒன்றே ஒன்றுதான்: 2002-இல் டான்டனில் மிதாலி ராஜ் எடுத்த 214.

இவ்வளவு அடித்தவருக்கு அடுத்த டெஸ்ட் எப்போது? வரவே இல்லை. அவருக்கு மட்டுமல்ல, அணிக்கே அடுத்த டெஸ்ட் 2021 ஜூனில்தான், பிரிஸ்டலில். ஆறரை வருஷம்! அதற்கு முன்னாலும் 2006 ஆகஸ்டிலிருந்து 2014 ஆகஸ்ட் வரை ஒரு டெஸ்ட்கூட இல்லை. இரண்டு பஞ்சத்துக்கு நடுவே பெய்த ஒரு மழை மாதிரி, காமினி ஆடிய டெஸ்ட் மொத்தமே இரண்டு. 2017 பிப்ரவரியில் கொழும்பில், உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில், அயர்லாந்துக்கு எதிராக 113 நாட் அவுட். ஜூனில் உலகக் கோப்பைக்குப் போன அணியில் அவர் பெயர் இல்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு ஆறுவதில்லை.

பாம்பன், மீனவர்: மிதாலி ராஜ் தமிழ்ப் பெண் என்கிறார்களே, நிஜமா?

நிஜம்தான். தமிழ்க் குடும்பம். அப்பா விமானப்படையில் இருந்தவர். பிள்ளை பிறந்தது ஜோத்பூரில், வளர்ந்தது ஹைதராபாத்தில். ஒருநாள் ஆட்டங்களில் 7,805 ரன். 1999 முதல் 2022 வரை ஆடிய அவருக்கே கிடைத்த டெஸ்ட் 12தான்.

ஏர்வாடி, கல்லூரி மாணவர்: அந்த 192-ஐ யாரும் தாண்டவில்லையா?

ஷெஃபாலி வர்மா தாண்டினார், 205. 2024 ஜூன், அதே தென்னாப்பிரிக்கா, இடம் சேப்பாக்கம்! ஸ்மிருதி மந்தனாவுடன் முதல் விக்கெட்டுக்கு 292.

மண்டபம், இரண்டு பெண்களின் தாய்: பொம்பளப் பிள்ளையை கிரிக்கெட்டுக்கு அனுப்பினால் பிழைக்க முடியுமா?

உச்சிக்குப் போனால் முடியும். 2022 அக்டோபரில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ஆட்டச் சம்பளம் என்று இந்திய கிரிக்கெட் வாரியம் அறிவித்தது: டெஸ்ட்டுக்கு 15 லட்சம், ஒருநாள் ஆட்டத்துக்கு 6, டி20-க்கு 3. மறுவருஷம் பெண்கள் பிரீமியர் லீக் வந்தது. உங்களுக்குப் பக்கத்திலேயே, மதுரைப் பெண் கமலினி! 2024 டிசம்பரில், 16 வயதில், மும்பை அணி அவரை 1.60 கோடிக்கு எடுத்தது. அடுத்த மாதமே கோலாலம்பூரில், 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை அரையிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக 56 நாட் அவுட். அன்று தேதி ஜனவரி 31. காமினி சதம் அடித்து அன்றோடு 12 வருஷம். ஆனாலும் அம்மா, அந்த உயரத்தை எட்டுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். மட்டையோடு புத்தகமும் கையில் இருக்கட்டும்.

கீழக்கரை, ஒன்பதாம் வகுப்பு மாணவி: கடற்கரையில் ரப்பர் பந்தில்தான் ஆடுகிறோம். இது போதுமா?

கண்ணுக்கும் கைக்கும் போதும். கச்சான் காற்றில் விலகுகிற பந்தைப் பார்த்து அடிக்கிற உனக்கு நிதானம் தானாக வரும். அணித் தேர்வுக்கு அது போதாது. தோல் பந்து கனம், எழும்புவது வேறு மாதிரி, பட்டால் வலிக்கும். பேடு கட்டி ஓடுவதற்கே தனியாகப் பழக வேண்டும். ராமேஸ்வரத்திலிருந்து மதுரை ஏறக்குறைய 170 கிலோமீட்டர். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை பயிற்சிக்காகத் தினம் போய்வர முடியாது. மேட் விரித்த ஆடுகளமும் ஒரு பயிற்சியாளரும் இந்தக் கடலோரத்துக்கே வர வேண்டும் என்று நான் எழுதிக்கொண்டே இருப்பேன். நீ நாளைக்கே உங்கள் உடற்கல்வி ஆசிரியரிடம் போய், மாவட்ட அணித் தேர்வு எப்போது என்று கேள். தோழிகள் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு போ.