ஜன்னல் இல்லாத சரித்திரம்

செத்த பிறகு தன் பேரை ஒரு தெருவுக்கு வைக்க விடுவது எவ்வளவு ஆபத்து என்று டான் கியோங் சைக்கைத்தான் கேட்க வேண்டும். மலாக்காவில் பிறந்தவர், கப்பல் கம்பெனிக்காரர், சிங்கப்பூர் நகராட்சியில் உறுப்பினர். ஒரு பொல்லாப்பும் இல்லாமல் 1909-இல் போய்ச் சேர்ந்தார். 1926-இல் சைனாடவுன் ஓரமாக வளைந்து போகும் ஒரு தெருவுக்கு அவர் பேரைச் சூட்டிக் கௌரவித்தார்கள். 1960-களில் அந்தத் தெரு சிவப்பு விளக்குத் தெருவாகிவிட்டது. அப்புறம் டாக்சியில் ஏறி "கியோங் சைக்" என்றால், ஓட்டுநர் கண்ணாடியில் ஆளை ஒரு தரம் அளந்துவிட்டுத்தான் கியர் போட்டிருப்பார். இப்போது அதே பேரைச் சொன்னால், "காக்டெயிலா, சாப்பாடா?" என்று கேட்கிறார். பெரியவர் இழந்த மானம் திரும்பி வர நாற்பது வருஷம் ஆனது. வாங்கிக் கொடுத்தவர்கள் பூட்டிக் ஹோட்டல்காரர்கள்.

அதற்கு அவர்கள் பயன்படுத்தியது கடைவீடு. முகப்பு குறுகல், உள்ளே போனால் போய்க்கொண்டே இருக்கும். வாசலில் அஞ்சடி நடைபாதை: ஜனங்கள் வெயிலில் காயாமல், மழையில் நனையாமல் நடக்க, 1822-இல் ராஃபிள்ஸ் போட்ட உத்தரவு. கீழே வியாபாரம், மேலே குடித்தனம் என்பது ஏற்பாடு. மாடியைப் பலகையால் தடுத்துத் தடுத்து, ஒரு தடுப்புக்கு ஒரு குடும்பம் என்று வாடகைக்கு விட்டது வீட்டுக்காரர்களின் கணக்கு. 1950-களில் பாரிங்டன் கே என்ற ஆய்வாளர் அருகிலிருந்த அப்பர் நான்கின் தெருவில் வீடு வீடாகப் படியேறி, யார் எத்தனை அடியில் படுக்கிறார்கள் என்று எழுதி வைத்தார். பெரும்பாலான தடுப்பறைகளுக்கு ஜன்னலே கிடையாது.

நாடே வெட்கப்பட்டது. 1960-இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் பிறந்தது. ஜனங்களை அள்ளிக்கொண்டு போய், காற்றும் வெளிச்சமும் உள்ள அடுக்குமாடிகளில் குடியேற்றினார்கள். ஆட்கள் காலி செய்த பிறகுதான் வீடுகளின் அழகு கண்ணுக்குத் தெரிந்தது. 1989-இல் சைனாடவுனைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தார்கள். கூரை ஓடு, மரச் சட்டம், சுவர்ப் பூவேலை எல்லாம் அப்படியே இருக்க வேண்டும். மனிதர்கள் இருந்தே ஆக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

2003-இல் லோ லிக் பெங் என்ற முன்னாள் வழக்கறிஞர், இந்தத் தெருவில் ஹோட்டல் 1929-ஐத் திறந்தார். கட்டடம் எழும்பிய வருஷமே பேர். 32 அறைகள். தான் ஆசை ஆசையாகச் சேர்த்த பழைய நாற்காலிகளை அங்கங்கே போட்டுவைத்தார். அது ஓடியது. ஒரு ஹோட்டல் ஓடினால் தெருவே ஹோட்டல் ஆவது உலக வழக்கம். டிசைன் ஆபீஸ்களும் மதுக்கூடங்களும் பின்னாலேயே வந்தன. 1939-லிருந்து தெருமுனையில் கோப்பி ஆற்றிய தோங் ஆ கடை எதிர்ப்பக்கம் நகர்ந்தது. சிவப்பும் வெள்ளையுமாக நிற்கும் அதன் பழைய கட்டடத்தில் 2014-இல் பர்கர் ஏறி உட்கார்ந்தது. 2017-இல் லோன்லி பிளானட் ஆசியாவில் பார்க்க வேண்டிய இடங்களில் இந்தத் தெருவுக்கு நாலாவது இடம் கொடுத்தது.

நான் தங்கியது வேறொரு ஹோட்டல். பேர் வேண்டாம். கட்டில் மூன்று பக்கமும் சுவரைத் தொட்டது. கால்மாட்டிலிருந்து தவழ்ந்துதான் ஏற வேண்டும். தலைமாட்டில் கனமான திரை. ஆவலோடு இழுத்தேன். பின்னால் சுவர். கீழே போனேன். வரவேற்பில் கணுக்காலுக்கு மேல் நிற்கும் கால்சட்டையோடு ஒரு தமிழ்ப் பையன்.

"தம்பி, ஜன்னல் எங்கப்பா?"

"அது ஹெரிடேஜ் ரூம் அண்ணே. அந்தக் காலத்துலயே அப்படித்தான்."

"அந்தக் காலத்து வாடகையே வாங்கிக்கயேன்."

"ஜன்னல் வச்சதும் இருக்கு அண்ணே. இன்னும் அறுபது வெள்ளி."

கே எழுதியதைப் படித்து இரக்கப்பட்டவர்களும் உண்டு. விலைப்பட்டியல் போட்டவர்களும் உண்டு போலிருக்கிறது. அறையில் கிடந்த கையேடு, இந்தத் தெருவுக்கு 'வண்ணமயமான கடந்தகாலம்' இருந்ததாகச் சொன்னது. வண்ணம் ஒன்றே ஒன்றுதான், சிவப்பு. அந்த விளக்கடியில் பிழைத்த பெண்களைப் பற்றிக் கையேட்டில் ஒரு வரி இல்லை. மதுக்கூடத்தில் ஒரு பானத்துக்கு மட்டும் அவர்கள் ஞாபகமாகப் பேர் வைத்திருந்தார்கள்.

இத்தனை கூத்துக்கும் காலி செய்யாமல் உட்கார்ந்திருக்கிறவர் ஒருவர்தான். சிப்பாய் லைன்ஸ் பக்கமிருந்து வந்த லயன் சித்தி விநாயகர். நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் 1925-இல் கோயில் கட்டினார்கள். அதாவது தெருவுக்குப் பேர் வருவதற்கு ஒரு வருஷம் முன்பே அவருக்கு முகவரி இருந்தது. சிவப்பு விளக்கையும் பார்த்தார், எடிசன் பல்பையும் பார்க்கிறார். கொழுக்கட்டை விலைதான் அவருக்குத் தெரிந்த பணவீக்கம்.

தைப்பூசத்துக்கு முதல் நாள் தம்பி வருவார். டேங்க் ரோடு தெண்டாயுதபாணி, வெள்ளி ரதத்தில், காலையில் புறப்பட்டு அண்ணன் வீட்டுக்கு. முன்பதிவு கிடையாது, முன்பணம் கிடையாது, பாஸ்போர்ட் நகல் கேட்பாரில்லை. சாப்பாடு, உபசாரம், வரிசையில் நிற்கும் கூட்டம் எல்லாம் அண்ணன் செலவு. அப்படியும் ராத்தங்குவதில்லை, சாயங்காலமே ரதம் ஏறித் திரும்பிவிடுகிறார். பக்தர்கள் அதற்கு ஆயிரம் காரணம் சொல்வார்கள். எனக்குத் தோன்றுவது ஒன்றுதான்: அண்ணன் கருவறைக்கும் ஜன்னல் கிடையாது.