இருபது லிட்டர் மனிதர்

அவர் வீட்டுக்கு யார் போனாலும் அவருக்கு முகம் மலர்ந்துவிடும். கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போவார். நாம் பாட்டுக்குக் கிடைத்த நாற்காலியில் உட்காரப் போனால் மட்டும் பதறுவார். "அங்க வேண்டாம் சார், இங்க." தரையில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பால் ஒரு பெருக்கல் குறி ஒட்டியிருக்கும். விருந்தாளியின் நாற்காலி அதன்மேல்தான். இடது பெட்டி, வலது பெட்டி, நம் தலை மூன்றும் சமபக்க முக்கோணமாக அமையவேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம். தம்பதியாகப் போனால்தான் சிக்கல். மனைவியைக் குறிமேல் உட்காரவைத்துவிட்டு, கணவரைப் பின்சுவர் ஓரமாக நிற்கச் சொல்வார். வெறும் சுவர் ஒலியைத் திருப்பி அடிக்கும். சட்டை போட்ட ஓர் ஆள் குறுக்கே நின்றால் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்வான். "நீங்க வந்தாலே ரூம் நல்லாயிடுது சார்" என்று அவர் சொன்னால், அது உபசார வார்த்தை என்று யாரும் பூரித்துவிடக் கூடாது. அளந்து பார்த்துத்தான் சொல்கிறார்.

வீட்டிலேயே ஸ்பீக்கர் செய்கிறவர்கள் ஊருக்கு நாலு பேராவது இருக்கிறார்கள். வங்கி அதிகாரி, பாலிடெக்னிக் ஆசிரியர், மின்வாரியத்தில் ஓய்வுபெற்றவர் என்று வெளிப்பார்வைக்குச் சாதுவாகத் தெரிவார்கள். பிள்ளைப் பிராயத்தில் வீட்டு ரேடியோவைப் பிரித்துப்போட்டு அப்பாவிடம் அடி வாங்கியிருப்பார்கள். பணி ஓய்வு நெருங்கும்போது அந்தக் கை மறுபடி அரிக்கத் தொடங்கும். நம்மவர் நங்கநல்லூர்க்காரர். ஷோரூமில் ஒரு ஜோடி ஸ்பீக்கரின் விலையைக் கேட்டுவிட்டு, "இதைப் பாதிக் காசில் நானே செய்வேன்" என்று வீட்டில் அறிவித்தார். அந்தக் கணக்கு இன்னும் அவர் நோட்டில் பத்திரமாக இருக்கிறது. துளையிடும் கருவி, மைக், மைக்கை அளக்க இன்னொரு மைக் எல்லாம் அதில் சேராது. அவை கற்றுக்கொண்ட செலவாம்.

ஊஃபர் வாங்க ரிச்சி தெருவுக்குப் போனால் அவர் முதலில் கேட்பது விலையை அல்ல, ஜாதகத்தை. எஃப்.எஸ். எவ்வளவு, க்யூ.டி.எஸ். எவ்வளவு, வி.ஏ.எஸ். எவ்வளவு? கூம்பு தானாக அதிரும் எண், அந்த அதிர்வு எவ்வளவு சீக்கிரம் அடங்கும் என்பது, கூம்பின் விறைப்புக்கு ஈடான காற்றின் கொள்ளளவு. இந்த மூன்றும் தெரிந்தால் பெட்டிப் பொருத்தம் பார்த்துவிடலாம். க்யூ.டி.எஸ். 0.4 பக்கம் இருந்தால் குழாய் வைத்த பெட்டி, 0.5ஐ நன்றாகத் தாண்டினால் மூடிய பெட்டி. இந்தச் சாத்திரத்தை 1961இல் எழுதிவைத்தவர் நெவில் தீல் என்ற ஆஸ்திரேலியப் பொறியாளர். பத்து வருஷம் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1971இல் அமெரிக்கச் சஞ்சிகை ஒன்று அதை மறுபடி அச்சிட்ட பிறகுதான் உலகம் விழித்தது. சிட்னியில் ரிச்சர்ட் ஸ்மால் அதை மேலும் விரித்தெழுதினார். நம்மவர் வாயில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது 'தீல்-ஸ்மால்' வரும். அவர் மாமியார் அதை ஏதோ மருந்துக் கம்பெனி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

கடைப் பையனிடம் ஜாதகம் ஏது? "பேஸ் சும்மா அதிரும் சார்" என்பதுதான் அவன் தரும் ஒரே அளவு. ஆகவே நம்மவரே கணித்துக்கொள்கிறார். கூம்பு எந்த எண்ணில் அதிர்கிறது என்று முதலில் பார்க்கவேண்டும். பிறகு அதன்மேல் தெரிந்த எடை ஒன்றை வைத்து, அதிர்வு எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்கவேண்டும். எடைக்காக ஒரு ரூபாய் நாணயங்களை வைத்துப் பார்த்தார். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் காசு அல்லவா, காந்தம் இழுத்து நடுவில் அப்பிக்கொண்டது. கடைசியில் கைகொடுத்தது சப்பாத்தி மாவு. தெருமுனை நகைக்கடைத் தராசில் சரியாகப் பத்து கிராம் நிறுத்து, கயிறாக உருட்டி, கூம்பின் நடுவில் வட்டமாக ஒட்டுவார். அன்றைக்கு இரவு வீட்டில் ஒரு சப்பாத்தி குறையும்.

ஜாதகம் வந்தது. ஆறரை அங்குல ஊஃபருக்கு 20 லிட்டர் பெட்டி, 45 ஹெர்ட்ஸுக்குச் சுருதி கூட்டிய குழாய். இருபது லிட்டர் என்றால் எவ்வளவு என்று கேட்டால் சமையலறை மூலையில் இருக்கும் தண்ணீர் கேனைக் காட்டுவார். அன்றிலிருந்து அவர் கண்ணில் படுவதெல்லாம் லிட்டர்தான். மைத்துனர் புதுவீடு கட்டி அழைத்தபோது, பூஜை அறையைப் பார்த்துவிட்டு, "நாலாயிரத்து எண்ணூறு இருக்கும்" என்றார். நிலமதிப்பு என்று நினைத்த மைத்துனர் முகம் வாடிப்போனார்.

தச்சரிடம் அவர் பேசியதை நான் பக்கத்திலிருந்தே கேட்டேன். தச்சர் நல்ல தொழிலாளி, சமையலறை அலமாரி, கட்டில் எல்லாம் அப்பழுக்கில்லாமல் செய்பவர். படத்தைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"சார், கதவு எந்தப் பக்கம் வருது?"

"கதவே கிடையாது."

"அப்ப சாமான எப்படி உள்ள வெப்பீங்க?"

"சாமான் எதுவும் வெக்கறதில்ல. உள்ள வெறும் காத்துதான்."

தச்சர் சற்று யோசித்தார். "காத்துக்கு எதுக்கு சார் பதினெட்டு மில்லி பலகை?"

நியாயமான கேள்வி. பதிலும் நியாயமானதுதான்: ஊஃபர் அதிரலாம், பெட்டி அதிரக் கூடாது. உள்ளே குறுக்குச் சட்டம் கொடுத்து, விரல் முட்டியால் தட்டினால் 'டொம்' என்று நீளாமல் 'டக்' என்று வெட்டி நிற்க வேண்டும். இதைச் சோதிக்கத் தொடங்கிய கை பிறகு ஓயவில்லை. பஸ் நிலைய பெஞ்சு, கல்யாண மண்டபத்து மேடை, பெண் பார்க்கப் போன வீட்டு பீரோ என்று எதையும் தட்டாமல் விடமாட்டார். பெண் வீட்டார் பீரோவில் என்ன இருக்கிறது என்று வேவு பார்ப்பதாக நினைத்துக்கொண்டார்கள்.

குழாய்க்கு பிளம்பிங் கடை. கணக்குப்படி இரண்டு அங்குல உள்வட்டம், நீளம் 11 சென்டிமீட்டர். "பாத்ரூமுக்கா, கிச்சனுக்கா சார்?" "ஹாலுக்கு." கடைக்காரர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. பெட்டிக்குள் திணிக்கப் பஞ்சு வேண்டும்; வீட்டிலிருந்த தலையணைகள் ஒவ்வொன்றாக மெலிந்தன.

ஆனால் அந்த வீடு உண்மையில் சோதனைக்கு உள்ளானது கிராஸ்ஓவர் கட்டத்தில்தான். கனத்த ஒலி ஊஃபருக்கும் மெல்லிய ஒலி ட்வீட்டருக்கும் பிரிந்து போகவேண்டும். ட்வீட்டருக்குப் போகும் வழியில் ஒரு கண்டென்சர் நின்று கனத்த ஒலியைத் தடுக்கும். எட்டு ஓம் ட்வீட்டர், 4000 ஹெர்ட்ஸ் எல்லை என்றால் 5 மைக்ரோஃபாரட் தேவை. அன்று ஞாயிற்றுக்கிழமை இரவு. ரிச்சி தெரு பூட்டிக்கிடந்தது. அண்ணாந்து பார்த்தார். மேலே மின்விசிறி. ஃபேன் கண்டென்சர் 2.5 மைக்ரோஃபாரட், உள்ளே இருப்பது நல்ல பாலிப்ரொப்பிலீன் படலம். ஒரு பெட்டிக்கு இரண்டு ஃபேன், இரண்டு பெட்டிக்கு நான்கு. அந்த வீட்டில் இருந்ததே நான்குதான்.

அது மே மாதம். கண்டென்சர் இல்லாத ஃபேன் தானாகக் கிளம்பாது; முனகிக்கொண்டு நிற்கும். யாராவது இறக்கையைத் தள்ளிவிட்டால் மனமில்லாமல் சுற்றும். மாமியார் கையில் ஒட்டடைக்குச்சியோடு அறை அறையாகப் போய்த் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார். திங்களன்று நம்மவர் புதிதாக நான்கு வாங்கி வந்தார். அளந்து பார்த்தால் பழையதைவிடப் புதியது துல்லியமாக இருக்கிறது. விடுவாரா? அவையும் பெட்டிக்குள் போயின. பழையவை ஃபேனுக்குத் திரும்பியிருக்க வேண்டும்தானே? ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மேசைமேல் எடுத்துவைத்திருந்தார்.

பிறகு அளவெடுப்பு. அறைக்குள் அளந்தால் சுவரும் தரையும் கூரையும் சேர்ந்து பொய்ச்சாட்சி சொல்லும். ஆகவே மொட்டை மாடி. பகலில் தலைக்குமேல் விமானம், கீழே காய்கறி வண்டியின் ஒலிபெருக்கி. ஆகவே இரவு 2 மணி. மேசைமேல் ஸ்டூல், ஸ்டூல்மேல் பெட்டி என்று தரையிலிருந்து 2 மீட்டர் உயரம். ஒரு மீட்டர் தள்ளி அதே உயரத்தில் மைக். 20 ஹெர்ட்ஸில் உறுமத் தொடங்கி 20,000 ஹெர்ட்ஸில் கீச்சிட்டு மறையும் ஓர் ஊளை. தரையில் பட்டுத் திரும்பும் ஒலி நேரே வரும் ஒலிக்கு 9 மில்லிசெகண்ட் பின்னால்தான் வரும். அதற்குள் கணினி காதைப் பொத்திக்கொண்டுவிடும். மனிதர் நின்று யோசித்துச் செய்த ஏற்பாடு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். காவலாளிதான் மூச்சிரைக்க மேலே வந்தார்.

"சார், தெரு நாய்ங்க எல்லாம் மேல பாத்து ஊளையிடுது சார்."

"அப்படியா? அப்ப ட்வீட்டர் மேல வரைக்கும் போகுது" என்று நோட்டில் குறித்துக்கொண்டார்.

நாய்ச் சாட்சி போதவில்லை. வயது ஐம்பதைத் தாண்டினால் பன்னிரண்டாயிரம் ஹெர்ட்ஸ் பக்கமாகக் காது மங்கத் தொடங்கிவிடும். இருபதாயிரம் வரை பாடும் ட்வீட்டரைத் தேடித் தேடி வாங்கியவருக்கு அதன் மேல்மாடியில் என்ன நடக்கிறது என்று கேட்கவே கேட்காது. இதற்காக நியமிக்கப்பட்டவள் ஏழு வயதுப் பேத்தி. சம்பளம், கேட்கிறது என்று சொன்னால் ஒரு சாக்லேட்.

"கேக்குதா பாப்பா?" "கேக்குது தாத்தா." பதினைந்தாயிரம், கேட்கிறது. பதினாறாயிரம், கேட்கிறது. சாக்லேட் தீர்ந்துகொண்டே வந்ததும் தாத்தாவுக்குச் சந்தேகம் தட்டியது. ஒலியை நிறுத்திவிட்டு, பொத்தானை மட்டும் அழுத்தி, "இப்ப?" என்றார். "கேக்குது." கையும் களவுமாகப் பிடித்துவிட்ட பெருமிதத்தோடு, "பொய் சொல்லக் கூடாது. நான் எதுவுமே போடல" என்றார். பாப்பா அசரவில்லை. அவர் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு, சோபாவைச் சுற்றி, டிவி மேசைக்குப் பின்னால் குனிந்து, சுவரில் செருகியிருந்த செல்போன் சார்ஜரைக் காட்டினாள். "இதுதான் கத்துது. எப்பவும் கத்தும்." அவர் காதை அதன்மேலேயே வைத்துப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. மைக்கைக் கொண்டுவந்து வைத்தால், வரைபடத்தில் முள் நட்டதுபோல் ஒரு கோடு எழுந்து நின்றது. தாத்தா மறுபேச்சில்லாமல் மிச்சச் சாக்லேட்டை டப்பாவோடு கொடுத்துவிட்டார்.

இவ்வளவுக்கும் அந்தப் பெட்டி நன்றாகப் பாடுகிறதா என்று கேட்பீர்கள். எரிச்சலூட்டும் விஷயம் அதுதான், பிரமாதமாகப் பாடுகிறது. மிருதங்கத்தின் தொப்பியில் கை அழுந்தி எழும் கும்காரம் சுவரைத் தாண்டி எங்கிருந்தோ வருகிறது. கண்ணை மூடினால் வயலின்காரர் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார் என்று கை நீட்டிச் சொல்லலாம். நாம் அதில் கரையத் தொடங்கும் நேரம் பார்த்து அவர் நிறுத்திவிடுவார். "இப்ப அரை டெசிபல் குறைச்சுப் போடறேன், வித்தியாசம் சொல்லுங்க." மறுபடி ஆரம்பத்திலிருந்து. இளையராஜாவின் 1986ஆம் வருஷத்து 'ஹவ் டு நேம் இட்?' தொகுப்பை அவரைப்போல் ஆராய்ந்தவர் இருக்க முடியாது. ஒவ்வொன்றின் முதல் நிமிஷமும் தலைகீழ்ப் பாடம். எந்த ஒன்றும் எப்படி முடிகிறது என்று மட்டும் தெரியாது. பெட்டிக்கு இன்னும் வண்ணம்கூட அடிக்கவில்லை. பென்சில் கோடுகளோடு நிற்கும் இரண்டையும் நவராத்திரிக்கு வீட்டம்மா பட்டுத்துணி போர்த்திக் கொலுப்படியாக்கிவிடுகிறார். பத்து நாள் வீட்டில் அமைதி.

சமீபத்தில் ஊரிலிருந்து வந்த அவருடைய அம்மா பெட்டியைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "இதுக்கா இவ்வளவு பாடு? நம்ம ஊர் டீக்கடையில பானை வாயில ஸ்பீக்கரக் கவுத்து வெச்சிருப்பானே, தெருக்கோடி வரைக்கும் கேக்குமே" என்றார். எண்பதுகளில் டீக்கடையிலும் கேசட் கடையிலும் மண்பானைமேல் ஸ்பீக்கர் உட்கார்ந்திருந்ததை நம்மில் பலர் பார்த்திருப்போம். நம்மவர் பெரிய மனது பண்ணிச் சிரித்தார். அன்றிரவே எதையோ புரட்டியபோது ஹாரி ஓல்சன் அகப்பட்டார். ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் ஒலியியல் மேதை. ஒரே ஸ்பீக்கரை விதவிதமான வடிவங்களில் பொருத்தி அளந்து 1951இல் வெளியிட்டவர். கனசதுரத்தில் வைத்தால் வரைகோடு மேடும் பள்ளமுமாகப் போகிறது. உருண்டையில் வைத்தால் வழுவழுவென்று வருகிறது. கூர்மூலை இல்லாததால் ஒலி விளிம்பில் இடறுவதில்லை. நம்மவர் எழுந்துபோய் இரண்டு பெட்டிகளின் பதினாறு மூலைகளையும் தடவிப் பார்த்ததாக வீட்டம்மா சொன்னார்.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு, வீட்டம்மா கூப்பிடாமலே நம்மவர் பானை வாங்கக் கூட வந்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு நாள் வந்ததில்லை என்று அந்த அம்மாள் எங்கள் வீட்டில் சொல்லி மகிழ்ந்துவிட்டுத்தான் போனார். கடையில் நம்மவர் பானைகளைத் தட்டிப் பார்த்தார். பானை வாங்குகிறவர்கள் எல்லாரும் தட்டித்தானே பார்ப்பார்கள். பானைக்காரருக்கும் திருப்தி.

"எத்தனை லிட்டர் பிடிக்கும்?"

"எட்டுப் பேருக்குத் தாராளமா பொங்கலாம் சார்."

"பேர் வேண்டாம், லிட்டர் சொல்லுங்க. ரெண்டு வேணும். ரெண்டும் ஒரே அளவு, சொட்டு மாறக் கூடாது."

"கையால வனையறது சார், ஒண்ணப்போல ஒண்ணு எப்படி வரும்?"

"அப்ப இருக்கறத எல்லாம் இறக்குங்க. தண்ணி ஊத்தி அளந்து ஜோடி சேர்த்துக்கறேன்."

பக்கத்து டீக்கடையிலிருந்து ஒரு குடமும் லிட்டர் மக்கும் வந்தன. பானைகள் வரிசையில் நின்றன. பின்னால் பொங்கல் கூட்டம் நின்றது. ஆட்டோக்காரர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார். ஒருவழியாக ஜோடி அமைந்து, பக்கவாட்டில் குழாய்க்கு எங்கே துளை போடுவது என்று அவர் சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொண்டிருந்தபோது, பானைக்காரர் அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தார். ஈரம் காயாத இன்னொரு பானையை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"நீங்க இத வெச்சுக்கோங்கம்மா. வீட்ல பொங்கல் வெக்கணும்ல?"