நட்சத்திர ஆட்டமும் நாள் சம்பளமும்

கேள்வி: நட்சத்திர வீரர்கள் மோதும் காட்சி ஆட்டங்களில் தொழில்முறை ஆட்டக்காரர்கள் உயிரைக் கொடுத்து ஆட வேண்டுமா ஐயா?
– தோட்டத்து வாசகர், கோலா குபு பாரு

பதில்: உயிரெல்லாம் வேண்டாம், காலைக் கொடுத்தால் போதும்!

2025 மே 28 அன்று புக்கிட் ஜாலிலில் ஆசியான் நட்சத்திர அணி மான்செஸ்டர் யுனைடெட்டை 1-0 என்று சாய்த்ததே, பார்த்தீர்களா? கோல் போட்டவர் மியன்மாரின் மாவுங் மாவுங் லுவின். அவருக்கு அது வாழ்நாள் ஆட்டம். பிரிமியர் லீக்கில் 15ஆம் இடத்தில் முடித்துவிட்டு வந்த யுனைடெட்டுக்கோ ஓவர்டைம் வேலை. டிக்கெட் எடுத்தவர்கள் நன்றாக அர்ச்சனை செய்து அனுப்பினார்கள். தேங்காய் மட்டும்தான் உடைக்கவில்லை.

காயம் பட்டால் கிளப்புக்கு நஷ்டம் என்பது நியாயம்தான். அமெரிக்கக் காற்பந்தில் மோதினால் காயம், மோதாவிட்டால் சலிப்பு என்று அதன் நட்சத்திர ஆட்டமான ப்ரோ பௌலையே 2023இல் கொடி பிடுங்கும் ஆட்டமாக்கிவிட்டார்கள்.

ஆனால் 1975இல் சிலாங்கூர் 2-0 என்று ஆர்சனலை வென்றதை உங்கள் தோட்டத்துப் பெரிசுகளிடம் கேளுங்கள். இரண்டு கோலும் மொக்தார் டஹாரி. கோப்பையும் இல்லை, புள்ளியும் இல்லை. பேச்சு மட்டும் இன்றைக்கும் ஓயவில்லை.

நாள் சம்பளத்தை டிக்கெட்டுக்குக் கொடுத்து, கோலா குபு பாருவில் கொமுட்டர் ஏறி வருகிறவர் விளையாட்டுக்கா வருகிறார்? ஓட மனமில்லாதவர் பெஞ்சில் உட்காரட்டும். ஓடத் துடிக்கும் பையன்கள் நம்மிடம் நிறைய இருக்கிறார்கள்.