கழுதைக்கு வெள்ளிக்கிழமை லீவு

எய்யா, நீ ஒண்ணும் வெசனப்படாத. கழுதை வராதது உன் குத்தமில்ல. இன்னைக்கு வெள்ளிக்கிழமை. பிளாக்பூல் கடற்கரைக் கழுதைகளுக்கு வெள்ளிக்கிழமை வார லீவு. முனிசிபாலிட்டியே சட்டம் போட்டு வச்சிருக்கு. மத்த நாள்லயும் காலையில பத்துக்கு முன்னால முதுகுல ஆள் ஏத்தக் கூடாதாம், சாயந்தரம் ஏழுக்கு மேல கூடாதாம், நடுவுல ஒரு மணி நேரம் சாப்பாட்டுக்கு விடணுமாம். அந்தப் பெஞ்சுல இருந்த வெள்ளக்காரத் தாத்தாகிட்ட உன் மகதான் கேட்டுச் சொன்னா. பாதி சொல்லும்போதே அழுதுட்டா.

திங்கக்கிழமை வந்து எறங்குன நேரத்துலருந்து பிள்ள கழுதை கழுதைன்னுச்சு. நீ என்ன சொன்ன? "கடைசி நாள் போலாம்டா செல்லம்." கோபுரம்? அதுவும் கடைசி நாள். ட்ராம்? கடைசி நாள். தண்ணியில கால நனைக்கிறது? அதுக்கும் அதே நாள்தான். கடைசி நாளுக்கு மட்டும் ஆண்டவன் முப்பது நாழிகை கூடுதலாக் குடுத்திருக்கானாக்கும்! பத்து மணிக்கு ரூமக் காலி பண்ணுன்னுட்டான். நீ எட்டு மணிக்கே கட்டிலுக்கு அடியில கெடந்து சார்ஜர் தேட ஆரம்பிச்சிட்ட.

நடுவுல இருந்த நாளுகளச் சொல்லவா? ஒரு நாள் மழை வரும்னு போன்ல போட்டிருக்குன்ன. வெளிய நல்ல வெயில். நான் ஜன்னல் வழியாப் பாத்துச் சொன்னேன். நீ போனப் பாத்துட்டு, "இல்ல பெரியப்பா, மழைதான்"ன்னுட்ட. மறுநாள் ஒரே ஒரு மீட்டிங்னு லேப்டாப்பத் தொறந்த. பொழுது சாய்ஞ்சும் மூடல. ஏன்யா, கழுதைக்கே சோத்து நேரம்னு ஒண்ணு எழுதி வச்சிருக்காக. உன் கம்பெனிக்காரன் உனக்கு அப்பிடி எதுவும் எழுதித் தரலியோ?

நானும் ஸ்பின்னிங் மில்லுல கெடந்தவன்ங்கிறதால சொல்லுதேன். இந்த ஊரு பெருத்ததே லங்காஷயர்ப் பஞ்சாலைக்காரங்களால. ஓல்டாம், போல்டன், பர்ன்லின்னு ஒவ்வொரு மில்லு ஊருக்கும் கோடையில ஒரு வாரம். இந்த வாரம் ஒரு ஊரு, அடுத்த வாரம் வேற ஊரு. மில்ல இழுத்துப் பூட்டிட்டு ஊரோட ரயிலேறிருவாக. ரொம்ப காலம் அந்த வாரத்துக்குக் கூலி கெடையாது. சம்பளத்தோட லீவுன்னு சட்டம் வந்ததே 1938லதான். வருஷம் பூரா சீட்டுக் கட்டிச் சேத்த காச இந்தக் கரையில கரைச்சிட்டு, வெறுங்கையோட திரும்பிப் போயி மறுபடி தறியில நிப்பாக. நம்ம கரிசக்காட்டுப் பஞ்சும் தூத்துக்குடியில கப்பலேறி இந்தச் சீமைக்கு வந்திருக்கு. சம்பளமில்லாத லீவுல அவன் கூத்தடிச்சான். சம்பளம் வாங்கிக்கிட்டே லீவெடுத்த நீ கம்பெனிக்கு மீட்டிங் போடுத. கெட்டிக்காரன்யா நீ.

தாயி, நீ ஏன் சிரிக்க? ஆபீசுக்கு ராக் முட்டாய் வாங்கணும்னு காலையிலருந்து கடை கடையா ஏறி எறங்குத. அந்தக் குச்சிய எந்த எடத்துல ஒடிச்சாலும் உள்ள ஊர்ப்பேரு தெரியுமாமே. நல்லா வாங்கு. நீங்க பிளாக்பூல் வந்ததுக்கு அது ஒண்ணுதான் அத்தாட்சி. எடுத்த போட்டோ பூராவும் ரூமுக்குள்ளதான இருக்கு.

கோபுரத்துக்கு இப்ப ஓட வேண்டாம். 518 அடி ஒசரத்துக்கு 1894லருந்து நிக்கு, எங்கயும் போயிராது. கரண்டு ட்ராம் 1885லருந்து ஓடுது, அடுத்த வருசமும் ஓடும். கடலுதான் ஒரு எடத்துல நிக்காது. நம்ம தூத்துக்குடியில ஓதம் ஒரு மீட்டர் ஏறி எறங்குனாலே பெருசு. இங்க பெரிய ஓதத்துக்கு எட்டு மீட்டர் வரைக்கும் போகுமாம். காலையில இந்தச் சுவத்துல வந்து மோதுன தண்ணி இப்ப எங்க கெடக்குன்னு பாரு.

ரெண்டு மணிக்குள்ள கெளம்பலைன்னா எம்55 ரோட்டுல மாட்டிக்கிடுவோம்ங்கிற. மாட்டுனா மாட்டுறோம். மான்செஸ்டர்ல உனக்குப் பால் கறக்க எருமையா காத்துக்கிட்டு நிக்கு?

செருப்பக் கழத்து. போன எங்கிட்டக் குடு. பிள்ளைய ஒரு கையில புடி, தாயிய மறு கையில புடி. தண்ணி இருக்கிற எடத்துக்கு நடந்து போயி, கால நனைச்சிட்டு, அது திரும்ப ஏறுறதுக்குள்ள வந்து சேருங்க. மெதுவாவே வாங்க. மூட்டை முடிச்ச நான் பாத்துக்கிடுதேன்.

அந்த மீனு சிப்ஸ் பொட்டலத்தையும் இங்கயே வச்சிட்டுப் போ தாயி. கையில கொண்டு போனா கடக்காக்கா தட்டிப் பறிச்சிட்டுப் போயிரும். அத அடிக்கவும் வழியில்ல, 1981லயே அதுக்கும் சட்டம் போட்டுக் காபந்து பண்ணிட்டாக. எனக்குப் பிரஷருன்னு டாக்டர் சொன்னதெல்லாம் நல்லா ஞாபகம் இருக்கு. தொறந்துகூடப் பாக்க மாட்டேன்.

உப்பு தூவித்தான வாங்குன? ஒண்ணுமில்ல, சும்மா கேட்டேன். நீ நட.