அத்தையைச் சமாதானப்படுத்த 584 பாட்டு

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். கோபப்படுகிறவர்கள் இப்போதே கோபப்பட்டுக்கொள்ளலாம். நூறு வருஷத்துக்கும் முன்பே பெரிய பெரிய மனிதர்களெல்லாம் கோபப்பட்டுவிட்டார்கள், நீங்கள் வரிசையில் கடைசி.

கண்ணனுக்கு ஓர் அத்தை. பெயர் ராதை. நம் ஊரில் அத்தை மகளைக் கட்டுவது வழக்கம். அத்தையையே காதலிப்பது வழக்கத்துக்கு ஒரு படி மேலே. கண்ணன் என்றைக்குப் படிகளை எண்ணினான்? இருவருக்கும் ரொம்ப நாள் பழக்கம், ஆனால் உறவுக்குப் பெயர் வைக்கவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகள் இதற்கு 'சிச்சுவேஷன்ஷிப்' என்று பெயர் வைத்து, தாங்கள்தான் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ராதை, இளா என்றொரு பெண்ணை எடுத்து வளர்க்கிறாள். அவள் வளர்ந்து கல்யாணத்துக்கு நின்றதும் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராய் அலையவில்லை. கண்ணனுக்கே கட்டிவைத்துவிடுகிறாள். இது தியாகமா, அசட்டுத் தைரியமா, கண்ணன் நம்மை விட்டு எங்கே போய்விடப் போகிறான் என்ற மிதப்பா? நாம் கேட்டு முடிப்பதற்குள் பந்தியே முடிந்துவிடுகிறது. மாமியார் ஸ்தானத்தில் நின்று பெண்ணுக்குப் புத்திமதி. மாப்பிள்ளைக்கும் புத்திமதி, அது எந்த ஸ்தானத்தில் நின்று என்பதுதான் விவகாரம். எல்லாம் சொல்லி முடித்து, வெற்றிலைத் தட்டை எடுத்துவைத்த பிறகுதான் அம்மாளுக்கு உறைக்கிறது, தாரை வார்த்தது யாரை என்று.

அப்புறம் நடப்பதை நீங்களே ஊகிக்கலாம். தூக்கம் போயிற்று. சோறு இறங்கவில்லை. நிலா சுட்டது, சந்தனம் எரிந்தது. கட்டிவைத்த அதே வாயால் இளாவுக்கு வசவு. கண்ணனுக்கோ அதைவிட ரெண்டு மடங்கு. அவன் புதுமாப்பிள்ளை ஜோரில் இருந்துவிட்டு, ஒருநாள் அத்தை ஞாபகம் வந்து ஓடி வருகிறான். அவள் முகம் கொடுக்க மாட்டேன் என்கிறாள். கெஞ்சல், கொஞ்சல், பழைய கதை, புது சத்தியம். கடைசியில் மனம் இளகுகிறது. புத்தகத்தின் பெயரும் அதுதான்: 'ராதிகா ஸாந்த்வனமு', அதாவது ராதிகையைச் சமாதானப்படுத்துதல். நாலு பாகம், 584 பாட்டு. ஒரு பெண்ணைச் சமாதானப்படுத்த இவ்வளவு தேவையா என்று கேட்கிற ஆண்கள் கல்யாணமாகாதவர்களாக இருக்க வேண்டும்.

எழுதியவர் முத்துப்பழனி. தஞ்சாவூரை மராத்திய ராஜா பிரதாபசிம்மன் ஆண்டபோது (1739–1763) அவர் சபையில் இருந்த தாசி. அந்தச் சபையே ஒரு வேடிக்கை. ஊர் தமிழ் ஊர். ராஜா வீட்டுப் பேச்சு மராத்தி. கவிதை என்று வந்துவிட்டால் நாயக்கர் காலத்துப் பழக்கத்தில் தெலுங்கு. சந்தையில் கத்தரிக்காய்க்கு ஒரு மொழி, அந்தப்புரத்துக்கு ஒரு மொழி, காதலுக்கு ஒரு மொழி. 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி பீரங்கியோடு வந்து தஞ்சாவூர்க் கோட்டையை முற்றுகை போட்டு, முடியாமல் திரும்பிப் போனார். வாசலில் பீரங்கி வந்து நிற்கிற காலத்தில், உள்ளே உட்கார்ந்து ராதையின் கோபத்துக்குப் பாட்டு எழுதிய சபை அது. எனக்கு அந்தச் சபையை ரொம்பப் பிடிக்கும்.

முத்துப்பழனிக்கு அவையடக்கம் என்றால் என்னவென்றே தெரியாது. கம்பனே, பாற்கடலை நக்கிக் குடிக்கப் பார்க்கும் பூனை என்று தன்னைச் சொல்லிக்கொண்டான். இந்த அம்மாள் முன்னுரையில் என்ன செய்கிறார்? தன் அழகைச் சொல்கிறார், படிப்பைச் சொல்கிறார். பாட்டி தஞ்சைநாயகியும் கவி என்று பெண்வழியில் வம்சாவளி சொல்கிறார். புலவர்களுக்குப் பரிசு கொடுத்தவள், காவியங்களைத் தன் பேரில் அர்ப்பணிக்கப் பெற்றவள், என்னைப்போல வேறெவள் இருக்கிறாள் என்று கேட்கிறார். சும்மா அலட்டலும் இல்லை. ஆண்டாளின் திருப்பாவையைத் தெலுங்கில் கொண்டுவந்தவர் இவர்தான். மார்கழிக் குளிரில் எழுந்து குளிக்கிற பெண்களையும், மார்கழியென்ன மாசியென்ன எழுந்திருக்கவே மனமில்லாத ராதையையும் ஒரே கை எழுதியது.

சரி, இதில் என்ன ஆபாசம்? தெலுங்கில் சிருங்காரத்துக்குப் பஞ்சமா? நந்தி திம்மன என்ற கவி கிருஷ்ணதேவராயர் காலத்திலேயே 'பாரிஜாதாபஹரணமு' எழுதினார். காலில் விழுந்த கண்ணனின் தலையை சத்தியபாமா இடது காலால் தள்ளிவிடுவதாக அதில் வரும். கடவுள் தலையில் கால். யாரும் முகம் சுளிக்கவில்லை. பண்டிதர்கள் மனப்பாடமாகச் சொல்லிச் சொல்லி ரசித்தார்கள். ஆணின் கையிலிருந்து வந்தால் உதைகூட அலங்காரம்.

முத்துப்பழனியின் வில்லங்கம் வேறு. இந்த ராதை காத்திருந்து கண்ணீர் விட்டுக் கரைவதோடு நிற்பவளல்ல. அவளுக்கு வேண்டியது என்ன என்று அவளுக்குத் தெரியும். வாயைத் திறந்து கேட்கவும் தெரியும். முத்தமானாலும் மற்றதானாலும் முதல் அடி எடுத்துவைப்பது பல இடங்களில் அவள்தான். தான் மறுத்தாலும் அவள் விடமாட்டாள் என்று கண்ணன் அலுத்துக்கொள்வதுபோலப் பெருமையடித்துக்கொள்கிற இடம் ஒன்று உண்டு. பதினாறாயிரம் பேரைச் சமாளித்தவன் ஒருத்தியிடம் மூச்சு வாங்குகிறான். அதைவிட, ராதை சின்னப் பெண் அல்ல. பெண் வளர்த்துக் கல்யாணம் செய்துகொடுத்த பெரிய மனுஷி. நம் சினிமாவில் இந்த வயசுப் பாத்திரத்துக்குக் காபி டம்ளரையும் இருமலையும்தான் கொடுப்பார்கள்.

பிரதாபசிம்மன் காலத்துத் தஞ்சாவூர் இதைக் கேட்டு மூர்ச்சை போட்டதாகத் தெரியவில்லை. மூர்ச்சை போடுவதற்கு ஒரு படிப்பு வேண்டும். அந்தப் படிப்பு 19ஆம் நூற்றாண்டில்தான் கப்பலில் வந்து இறங்கியது. விக்டோரியா மகாராணி படத்தை மாட்டிவைத்த கூடங்களில் உட்கார்ந்து நம் கனவான்கள் நம் காவியங்களைத் திருப்பிப் பார்த்தார்கள். வேர்த்துவிட்டது.

1887இல் அகராதிக்காரர் சி.பி. பிரவுனின் சகா வெங்கடநரசு புத்தகத்தை அச்சிட்டார். அச்சிட்டாரே தவிர, முன்னுரையை எடுத்துவிட்டார். தொந்தரவான பாட்டுகளையும் எடுத்துவிட்டார். பாட்டு இருக்கலாம், பாடியவள் தன்னைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. கல்யாணப் பத்திரிகையில் பெண்ணின் பெயரை விட்டுவிட்டு மற்றதை மட்டும் அச்சடித்த மாதிரி.

அடுத்து வந்தவர் கந்துகூரி வீரேசலிங்கம். சாதாரண ஆள் அல்ல. ராஜமகேந்திரவரத்தில் ஊரே எதிர்த்து நின்றபோது விதவைகளுக்கு மறுமணம் செய்துவைத்தவர். தெலுங்கில் முதல் நாவல்களில் ஒன்றை எழுதியவர். பெண்கள் படிக்க வேண்டும் என்று காலமெல்லாம் பாடுபட்டவர். அவர் பாடுபட்டுப் படிக்கவைத்த பெண்கள் எதையெல்லாம் படிக்கக் கூடாது என்பதற்கும் அவரிடமே பட்டியல் இருந்தது. தெலுங்குக் கவிகளின் வரலாறு எழுதும்போது முத்துப்பழனியிடம் வந்து நின்றார். நெற்றி சுருங்கியது. பெண் காதால் கேட்கக் கூடாதவை, வாயால் சொல்லவே கூடாதவை என்று தீர்ப்பெழுதிவிட்டார். எழுதியவளின் நடத்தைக்கும் ஒரு சான்றிதழ் கொடுத்தார். எப்போதோ செத்துப்போன ஒருத்தி வந்து மான நஷ்ட வழக்கா போடப் போகிறாள்?

போட்டாள். செத்துப்போனவள் அல்ல, பெங்களூர் நாகரத்தினம்மாள்.

நாகரத்தினம்மாள் 1878இல் பிறந்தவர், மைசூர்ப் பக்கம். சங்கீதம், சமஸ்கிருதம், கன்னடம், தெலுங்கு எல்லாம் கற்றுக்கொண்டு சென்னை ஜார்ஜ் டவுனில் வந்து வீடு போட்டு, கச்சேரி செய்து கொடிகட்டிப் பறந்தவர். சென்னையில் வருமான வரி கட்டிய முதல் பெண் கலைஞர் அவர்தான் என்பார்கள். சர்க்காருக்கு வரி கட்டுகிற தைரியம் உள்ளவர்களிடம் வாய் கொடுக்கக் கூடாது என்பது வீரேசலிங்கத்துக்குத் தெரிந்திருக்கவில்லை.

அம்மாள் ராதிகா ஸாந்த்வனத்தைத் தேடிப் பிடித்துப் படித்தார். திரும்பத் திரும்பப் படித்தார். கிடைத்தது வெட்டுப்பட்ட பிரதி என்று தெரிந்ததும், முழுச் சுவடியைத் தேடிப் பிடித்து, ஒப்பிட்டு, வெட்டியதையெல்லாம் ஒட்டி 1910இல் வெளியிட்டார். வாவிள்ள ராமஸ்வாமி சாஸ்த்ருலு அண்ட் சன்ஸ் என்ற சென்னைப் பதிப்பகம் போட்டது. முன்னுரையில் வீரேசலிங்கத்துக்குப் பதில். அம்மாளின் வாதத்தை நம் பாஷையில் சொன்னால் இப்படி: ஐயா, வெட்கம் என்பது பொம்பளைக்கு மட்டும் கொடுத்த சீதனமா? தாசிக்கு வெட்கமில்லை, அதனால் எழுதினாள் என்கிறீர்கள். அப்படியானால் குடும்பஸ்தர்களான ஆண் கவிகள் இதைவிடப் பச்சையாக எழுதியிருக்கிறார்களே, அவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது? நீங்களே பார்த்து அச்சேற்றிய 'வைஜயந்தி விலாசம்' எந்த ரகம்?

இந்த வைஜயந்தி விலாசம் யார் கதை தெரியுமா? நம் ஸ்ரீரங்கத்து விப்ரநாராயணர் கதை. தேவதேவி என்ற தாசியிடம் மயங்கி, பிறகு தெளிந்து தொண்டரடிப்பொடி ஆழ்வாரானாரே, அவர்தான். ஆண் தாசி வீட்டுக்குப் போன கதையை ஆண் எழுதினால் பக்தி. தாசி தன் வீட்டில் உட்கார்ந்து ராதை கதை எழுதினால் ஆபாசம். ஆழ்வார் மயங்கிய காலத்தில் அந்தப் பெண் என்ன நினைத்தாள் என்று யாராவது கேட்டுச் சொன்னால் தேவலை.

பதில் வந்தது, இலக்கியமாக அல்ல. ஒரு தாசி எழுதியதை இன்னொரு தாசி பதிப்பித்திருக்கிறாள் என்று தெலுங்குப் பத்திரிகை ஒன்று எழுதியது. தகவல் என்ற அளவில் சரிதான், விமரிசனமாக நினைத்து எழுதினார்கள் என்பதுதான் பரிதாபம். சர்க்காருக்குப் புகார் போயிற்று. சர்க்காரின் தெலுங்கு மொழிபெயர்ப்பாளர் உட்கார்ந்து பாட்டுகளைத் துரைமார்களுக்கு இங்கிலீஷில் பெயர்த்துக் கொடுத்தார். அந்தக் காட்சியை நினைத்தாலே எனக்குச் சிரிப்பு வருகிறது. மின்விசிறி இல்லாத அறை, கழுத்துவரை பித்தான் போட்ட துரை, எதிரே பென்சிலோடு ஒரு பந்துலு. எந்த இடத்தில் ராதை கண்ணனை என்ன செய்தாள் என்று அவர் கடமையுணர்ச்சியோடு விளக்குகிறார். சாம்ராஜ்யம் நடத்துவது லேசு என்று யார் சொன்னது?

1911இல் போலீஸ் பிரதிகளை அள்ளிக்கொண்டு போனது. புத்தகத்துக்குத் தடை. பண்டிதர்கள் சிலர் மனு போட்டார்கள்: இதைத் தடை செய்தால் சமஸ்கிருதத்தில் பாதியைத் தடை செய்ய வேண்டி வருமே என்று. நியாயமான பயம்தான். சர்க்கார் அசையவில்லை.

நாகரத்தினம்மாள் அதற்காக மூலையில் உட்காரவில்லை. திருவையாற்றில் தியாகராஜரின் சமாதி முள்ளும் புதருமாய்க் கிடக்கிறது என்று கேள்விப்பட்டு, சொந்தப் பணத்தில் நிலம் வாங்கி 1920களில் கோயில் கட்டினார். அங்கே ஆராதனை நடத்திக்கொண்டிருந்தவை இரண்டு கட்சிகள், பெரிய கட்சி, சின்னக் கட்சி. இரண்டுக்கும் எதிலும் ஒத்துப்போகாது, ஒன்றைத் தவிர: பெண்கள் பாடக் கூடாது. கட்டியவருக்கே பாட இடமில்லை. அம்மாள் என்ன செய்தார்? பெண்கள் கட்சி என்று மூன்றாவதாக ஒன்றை ஆரம்பித்துத் தனியாக ஆராதனை நடத்தினார். 1940களின் தொடக்கத்தில் எல்லோரும் ஒன்றானார்கள். இன்றைக்கு டிவியில் பஞ்சரத்தினக் கீர்த்தனை பார்க்கும்போது ஒரு பக்கம் பட்டுப்புடவைகள் வரிசையாய் உட்கார்ந்திருக்கிறதே, அதற்குப் பின்னால் ராதையின் பிடிவாதமும் கொஞ்சம் இருக்கிறது.

புத்தகத்தின் மேலிருந்த தடை 1947இல் நீங்கியது. நீக்கியவர் சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்த டங்குடூரி பிரகாசம், தெலுங்கர். அதே 1947இன் கடைசியில் தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. அந்தச் சட்ட முயற்சியை நாகரத்தினம்மாள் ஆரம்பத்திலேயே எதிர்த்தார். ஒழிய வேண்டிய முறைதான், அதில் நான் அவர் பக்கம் இல்லை. ஆனாலும், ராதைக்கு விடுதலை கொடுத்த வருஷத்திலேயே முத்துப்பழனிகள் இனி இருக்கக் கூடாது என்று எழுதிவைத்த சரித்திரத்துக்கு நகைச்சுவை உணர்வு கொஞ்சம் அதிகம்தான்.

வெட்டாத, மறைக்காத ராதிகா ஸாந்த்வனம், நாகரத்தினம்மாளின் முன்னுரையோடு 1952இல் மறுபடி அச்சுக்கு வந்தது. அந்த வருஷம் மே மாதம் அம்மாள் திருவையாற்றில் காலமானார். தியாகராஜர் சமாதிக்கு எதிரே அவருக்கும் ஒரு சமாதி இருக்கிறது. உள்ளே அவர் சிலை, கைகூப்பியபடி. தை மாதம் ஆராதனைக்குப் போகிறவர்கள் அந்தப் பக்கமும் ஒரு எட்டு எட்டிப் பாருங்கள்.