குட்டி யானையின் பின்கதவை ஒரே வருடத்தில் ஒழிப்பது எப்படி?

புது வண்டி எடுத்தாயிற்று. மாலை போட்டு, நாலு சக்கரத்திலும் எலுமிச்சை நசுக்கி, பின்கதவில் பிள்ளைகள் பெயரை ரேடியம் ஸ்டிக்கரில் ஒட்டியும் ஆயிற்று. வாழ்த்துகள். இனி அந்தக் கதவைப் பழைய இரும்பாக்கும் வேலைதான் பாக்கி. அதற்கு வேண்டிய கல், கம்பி, சவுக்கு, உப்பு, மீன் எல்லாமே செங்கல்பட்டு, மாமல்லபுரம் வட்டாரத்திலேயே கிடைக்கும். புதிதாக எதுவும் கற்க வேண்டாம். தினமும் செய்வதையே கொஞ்சம் முறையாகச் செய்தால் போதும்.

1. எடை கேட்காதீர்கள்.

சிற்பப் பட்டறையில் சிலை தயாராக நிற்கும். 'எவ்வளவு இருக்கும்?' என்று கேட்பது கௌரவக் குறைச்சல். கண்ணாலேயே எடை போடுங்கள். கருங்கல் ஒரு கன அடி சுமார் 75 கிலோ. பத்துக் கன அடி சேர்ந்தால் முக்கால் டன். 2005-இல் டாடா ஏஸ் என்கிற இந்தக் குட்டி யானை வந்தபோது அது சுமக்கலாம் என்று கம்பெனி சொன்ன மொத்த எடையே அவ்வளவுதான். ஆனால் கம்பெனிக்காரர்களுக்கு நம் ஊர் லோடு தெரியுமா? பீடத்தையும் சேர்த்தே ஏற்றுங்கள்.

2. கதவை மேடையாக்குங்கள்.

செயின் பிளாக்கில் தூக்கி, நேராகத் தளத்தின் நடுவில் இறக்கலாம்தான். அதற்குப் பொறுமை வேண்டும், செயின் பிளாக்கும் வேண்டும். நீங்கள் கதவைக் கிடையாக விரியுங்கள். நாலு பேர் சேர்ந்து சிலையைத் தூக்கி, முதலில் கதவின் விளிம்பில் வைத்து, மூச்சு வாங்கி, ஒரு டீயும் குடியுங்கள்.

அந்த நேரத்தில் நடப்பதை ரசிக்கத் தெரிய வேண்டும். விரிந்த கதவைத் தாங்குவது இரண்டு கீலும் இரண்டு சங்கிலியும். பாரம் கீலிலிருந்து எவ்வளவு தள்ளி உட்காருகிறதோ, அவ்வளவுக்குக் கதவை முறிக்கப் பார்க்கும். சங்கிலியோ சாய்வாகப் போகிறது. நேராகத் தொங்கினால் வரும் இழுப்பைவிட அதில் அதிகமாகவே வரும். சங்கிலி இரும்பு, அறுந்து போகாது. அது மாட்டியிருக்கும் காது இருக்கிறதே, அந்தத் தகடுதான் மெல்ல வாய் பிளக்கும். டீ ஆறட்டும், அவசரமில்லை.

பிறகு கடப்பாரையைக் கதவுக்கும் கல்லுக்கும் நடுவில் கொடுத்து நெம்புங்கள். பலகை போட்டு, உருளைக் கட்டை வைத்து உருட்டினால் கதவில் கீறல்கூட விழாது. அதனால்தான் அது வேண்டாம் என்கிறேன்.

3. கதவை விரித்தபடியே ரிவர்ஸ் எடுங்கள்.

உதவிக்கு ஒரு பையனை நிறுத்துங்கள். கண்ணாடியில் தெரியாத இடமாகப் பார்த்து நிறுத்துங்கள். 'வரட்டும்... வரட்டும்...' என்று அவன் தட்டிக்கொண்டே இருப்பான். 'ஹோல்டான்' என்ற சத்தமும் திண்ணையில் கதவு மோதும் சத்தமும் ஒன்றாகக் கேட்க வேண்டும். முன்பின்னாகக் கேட்டால் பையனுக்குப் பயிற்சி போதாது.

4. பாரத்தைப் பின்னால் வையுங்கள். கட்டாதீர்கள்.

டிரைவர் முதுகுக்குப் பின்னால் ஒரு தடுப்பு இருக்கிறது. கனமான சரக்கை அதோடு ஒட்டி வைத்து, கட்டை முட்டுக் கொடுத்து, கயிற்றை இறுக்கினால் அது அசையாது. கதவுக்கும் வேலை இராது. நமக்கு வேலை இல்லாத கதவு எதற்கு?

கட்டாமல் விட்டால் உருண்டுவிடும் என்று யாராவது பயமுறுத்தினால், மாமல்லபுரத்து வெண்ணெய் உருண்டைப் பாறையைக் காட்டுங்கள். சுமார் 250 டன் என்கிறார்கள். சரிவில் நிற்கிறது, ஒரு கயிறு கிடையாது. 1908-இல் கவர்னர் ஆர்தர் லாலி ஏழு யானைகளைக் கட்டி இழுக்கச் சொல்லியும் அசையவில்லை என்பது ஊரில் எல்லோரும் சொல்லும் கதை. அதே ஊர்க் கல்லில் செய்த பிள்ளையாருக்கு மட்டும் கயிறா? அந்தப் பாறையை யாரும் முதல் கியரில் வெடுக்கென்று எடுத்ததில்லை, பரனூர் டோல்கேட் வரிசையில் நிறுத்தி நிறுத்தி நகர்த்தியதும் இல்லை. அந்தப் பேச்சை எடுக்காதீர்கள். பிரேக் போட்டால் சரக்கு முன்னால் வரும். கிளட்சை விட்டால் பின்னால் போகும். மேடு ஏறும்போது பின்னாலேயே தங்கும். பின்னால் இருப்பது கதவு.

5. ஒரு பக்கக் கொக்கி போதும்.

இரண்டு பக்கமும் கொக்கி வைத்தது கம்பெனிக்காரனின் சந்தேக புத்தி. ஒன்றைப் போட்டுவிட்டு இன்னொன்றைக் கல்லால் ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள். மாட்டவில்லையா, சணல் கயிறு இருக்கிறது. கதவு ஒரு மூலையில் மட்டும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வேகத்தடையிலும் முறுகும். சில மாதங்களில் எந்தக் கொக்கியும் எந்த ஓட்டையிலும் சேராது.

6. நீளமான சரக்கைத் தேடிப் பிடியுங்கள்.

குட்டி யானையின் தளம் ஏழு அடிக்குச் சற்றுக் கூட. கட்டுமானக் கம்பி 40 அடி. இரண்டாக மடித்தாலும் 20. செய்யூர்ப் பக்கத்துச் சவுக்குக் கட்டையும் நமக்காக ஏழடியில் வளர்வதில்லை. ஆகவே கதவைத் தொங்கவிட்டு, சுமை முழுவதையும் தளத்தின் விளிம்பில் படுக்க வையுங்கள். வால் பக்கம் குதிக்கக் குதிக்கக் கீல் நசுங்கும். தொங்கும் கதவு நம்பர் பிளேட்டை மறைக்கும், சில வண்டிகளில் பின்விளக்கையும் சேர்த்து மறைக்கும். நுனியில் ஒரு சிவப்புத் துணி கட்டிவிடுங்கள். சட்டத்தையே கட்டிவிட்ட நிம்மதி வரும்.

7. இனி கடலிடம் விடுங்கள்.

இதுவரை நீங்கள் பட்ட பாடெல்லாம் பெயின்டை உரிப்பதற்குத்தான். உரிந்த இடத்தில் கோவளத்திலோ கொக்கிலமேட்டிலோ மீன் பெட்டி ஏற்றுங்கள். ஐஸ் உருகி, உப்புத் தண்ணீரும் மீன் கழிவும் சேர்ந்து தளத்தில் ஓடி, கதவின் அடி மடிப்பில் தேங்கும். தண்ணீர் வடிய அங்கே சிறு துளைகள் விட்டிருப்பார்கள். கிரஷர் மண் ஏற்றிய பிறகு பெருக்காமல் விட்டால் அவை தாமாகவே அடைத்துக்கொள்ளும். கேளம்பாக்கத்து உப்பு ஒரு நடை கிடைத்தால் விடாதீர்கள்.

'கதவைப் பாதுகாக்க' என்று சொல்லி ஒரு கோணிச் சாக்கை விரித்து, அதை எடுக்கவே எடுக்காதீர்கள். ஈரச் சாக்கு இரவு பகலாக வேலை செய்யும். கூலி கேட்காது. லோடு இறங்கியதும் நல்ல தண்ணீரில் கழுவுவது, கீலுக்குக் கிரீஸ் வைப்பது, உரிந்த இடத்தில் உடனே பிரைமர் தடவுவது ஆகிய மூன்றும் அறவே கூடாது. இ.சி.ஆரில் இருபது வருடம் வண்டி ஓட்டிய ஆட்கள் இதையெல்லாம் செய்கிறார்கள். கதவின் விளிம்புக்குக் கோண இரும்பு அடிக்கிறார்கள், தளத்தில் ரப்பர் பாய் போட்டு வாரம் ஒருமுறை தூக்கிக் காயவைக்கிறார்கள், கல் ஏற்றும் நாளில் கதவையே கழற்றிப் பட்டறையில் சாய்த்து வைத்துவிட்டு, ஏற்றி முடித்ததும் மாட்டிக்கொள்கிறார்கள். அவர்களோடு சேராதீர்கள்.

8. பட்டி பாருங்கள்.

துருவின் மேலேயே. சுரண்டினால் ஓட்டை தெரியும், வீண் மனக்கஷ்டம். மேலே ஒரு பெயின்ட், அதன் மேல் புது ஸ்டிக்கர். வாய் பிளந்த காதை அதே மெல்லிய தகட்டோடு பற்றவைக்கச் சொல்லுங்கள். அடியில் ஒரு கனத் தகடு கொடுக்கலாமா என்று வெல்டர் கேட்டால், 'அவ்வளவெல்லாம் வேண்டாம் தம்பி' என்று பெருந்தன்மையாகச் சிரியுங்கள்.

9. கதவில்லாமல் ஓட்டுங்கள்.

ஒரு நாள் காலை, ஏதாவது ஒரு வேகத்தடையில், அது தானாகக் கழன்றுகொள்ளும். சரக்கும் கூடவே போயிருந்தால் பின்னால் வந்த பைக்காரரிடம் முதலில் பேசுங்கள், அவர் பேசும் நிலையில் இருந்தால். பிறகு குறுக்கே இரண்டு நைலான் கயிறு கட்டிக்கொண்டு தொழிலைத் தொடருங்கள். இனித் தடுக்க ஆளில்லை. எவ்வளவு நீளமும் ஏற்றலாம், எவ்வளவு பாரமும் ஏற்றலாம்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019-ஆம் வருடத் திருத்தப்படி, அளவு மீறிப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சரக்குக்கு அபராதம் 20,000 ரூபாய். அதிக பாரத்துக்கும் தனியே 20,000, அதற்குமேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. சாலையோரத்தில் சரக்கை இறக்கிவைக்கும் செலவும் உங்களுடையதுதான்.